வழியோர எழுத்துகள்

கோயமுத்தூரிலிருந்து கிழக்கே அவிநாசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் பீளமேடு. பூளைச் செடி மிக்கு வளர்ந்த மேடு ஆதலின் பூளைமேடு என வழங்கி, அப்பெயரே பின்னர்ப் பீளமேடு எனத் திரிந்தது என்பர். பொங்கலுக்கு முன்னாளில் கொங்கு நாட்டார் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வீட்டு இறவாணத்தில் காப்புக் கட்டும் வெண்ணிறப் பூவே பூளைப்பூ. இன்று அவ்வூரில் அச்செடியைக் காண்டல் அரிது. பண்டிகைக்கு வேண்டுமாயின் சந்தையில் விலைகொடுத்து வாங்கி வருகின்றோம். செடி மறைந்த பின்னும் பெயர் மட்டும் நின்று, இங்கு யாது வளர்ந்தது என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்று, பின்பு பொறியியற் கல்லூரியிற் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஞாயிறுதோறும் வண்டியேறி ஊர்ப்புறச் சாலைகளில் உலா வருவார். அருவியையோ மலைக்காட்சியையோ நாடிச் செல்பவர் அல்லர் அவர். பாழ்பட்ட கட்டடம், பூட்டிக் கிடக்கும் ஆலை, சுவரில் மங்கிய விளம்பரம், புதரில் மறைந்த மைல்கல், துருவேறிய பெயர்ப்பலகை ஆகியவற்றைத் தேடிக் கண்டு நிழற்படம் எடுத்து வருவது அவர்தம் வழக்கம். "இடிஞ்ச செவுத்தப் படம் புடிக்கறதுக்குத்தானுங்க பெட்ரோலுக்குக் காசு கேக்கறான்" என்று அவர் தாயார் என்னிடம் முறையிட்டதும் உண்டு. யானும் முதலில் அதனை ஓர் இளமை விளையாட்டென்றே எண்ணினேன்.

ஒருநாள் அவர் தம் கைப்பேசியில் ஒரு கல்லின் படத்தைக் காட்டி, "ஐயா, இதில் 'யஉ' என்று எழுதியிருக்கிறது. கல்லை நட்டவருடைய பெயர்ச் சுருக்கமாக இருக்குமோ?" என்று வினவினார். யான் கண்ணாடியை அணிந்து நோக்கினேன். ஒரு கிளைச் சாலையின் ஓரத்தில், பாதி மண்ணிற் புதைந்த கருங்கல். மேலே உரோம இலக்கம் தேய்ந்து கிடந்தது. அதன்கீழ்த் தெளிவாக ௰௨ என்று வெட்டப்பட்டிருந்தது.

"தம்பி, இவை எழுத்துகள் அல்ல, எண்கள். ௰ என்பது பத்து. ௨ என்பது இரண்டு. பன்னிரண்டு மைல் என்று இக்கல் கூறுகின்றது" என்றேன்.

தமிழ் படித்த அவ்விளைஞர் தமிழ் எண்ணைக் கண்டு எழுத்தென மயங்கியது அவர் குற்றமன்று. நாட்காட்டியிலும் நூல்களின் முன்னுரைப் பக்கங்களிலும் அன்றி அவ்வெண்களை நாம் எங்கே வழங்குகின்றோம்? ௧ முதல் ௯ வரை ஒன்பது இலக்கங்களும், பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்னும் குறிகளும் தமிழுக்குத் தனியே உண்டு. பன்னிரண்டைப் பத்தும் இரண்டுமாக ௰௨ என்றும், முப்பதை மூன்று பத்தாக ௩௰ என்றும் எழுதுதல் பழைய மரபு. பிற்காலத்தே இடமதிப்பு முறையைத் தழுவிப் பன்னிரண்டை ௧௨ என்றும் எழுதினர். ஆங்கிலேயர் ஆட்சியில் நடப்பட்ட மைல்கற்கள் சிலவற்றில் உரோம இலக்கமும் தமிழ் இலக்கமும் அடுத்தடுத்து இருக்கக் காணலாம். முன்னது குதிரையேறிச் செல்லும் துரைக்கு. பின்னது மாட்டுவண்டி ஓட்டிச் செல்லும் குடியானவருக்கு.

ஒரு மைல் என்பது 8 பர்லாங். இன்றைய அளவையில் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு மெட்ரிக் அளவைக்கெனச் சட்டம் இயற்றப்பெற்ற பின்னர்ச் சாலைகளில் படிப்படியாகக் கிலோமீட்டர்க் கற்கள் வந்தன. பழைய கற்களிற் சில பெயர்க்கப்பட்டன. சில வண்ணம் பூசப்பெற்றுப் புதிய எண்ணைத் தாங்கின. சில கேட்பாரற்று அவ்விடத்திலேயே நின்றன. அவ்விளைஞர் தம் கைப்பேசியின் நிலப்படத்தில் அக்கல்லிலிருந்து கோயமுத்தூர்வரை அளந்து பார்த்தார். 19 கிலோமீட்டரும் சிறிது மிகையும் வந்தது. சங்கிலி பிடித்து அளந்தவருடைய கணக்குப் பிழைபடவில்லை என்று கண்டபொழுது அவர் முகத்தில் உண்டான மகிழ்ச்சியை யான் இன்னும் மறந்திலேன். அன்றுமுதல் அவருடைய ஞாயிற்றுக்கிழமை உலாக்களைப் பற்றி என் கருத்தும் மாறிற்று.

வழிச்செல்வோர்க்குத் தொலைவை அறிவிக்கும் வழக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்று கருதற்க. தருமபுரிப் பகுதியில், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாகக் கருதப்பெறும் கற்கள் கிடைத்துள்ளன. அதியமான் பெருவழி என்னும் சாலைப் பெயரும், நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இத்துணைக் காதம் என்னும் தொலைவும் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு கல் 27 காதம் என்று கூறுகின்றது. அவ்வெண்ணை எழுதியதோடு அமையாமல், இரண்டு பெரிய குழிகளையும் ஏழு சிறிய குழிகளையும் அக்கல்லிற் குடைந்து வைத்துள்ளனர். பெருங்குழி பத்தைக் குறிக்கும்; சிறுகுழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாதவனும் விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம், நள்ளிருளிலும் அறியலாம். அதனைச் செய்வித்தவரின் நெஞ்சம் எத்துணை ஈரமுடையதாக இருந்திருத்தல் வேண்டும்! நம் கோயமுத்தூருக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியிலும் மலையடிவாரப் பாறையொன்றில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயர் தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டப்பட்டிருக்கின்றது. சோழ மன்னனாகிய முதலாம் ஆதித்தன் காலத்தது அது என அறிஞர் கருதுவர். பாலக்காட்டுக் கணவாய் வழியே சேரநாட்டுக்குச் சென்ற வணிகர் நடந்த வழி அது.

கொங்கு நாட்டுச் சாலையோரங்களில் இன்னும் எஞ்சி நிற்பவற்றுள் சுமைதாங்கிக் கல்லும் ஒன்று. இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்தால் சுமைதாங்கி ஆயிற்று. அதன் உயரமே அதன் நுட்பம். தலைச்சுமையோடு தனியே வருபவர், பிறர் கைத்துணையின்றித் தலையைச் சற்றுத் தாழ்த்திச் சுமையைக் கல்லின்மேல் தள்ளிவிடலாம். இளைப்பாறிய பின் மீண்டும் தலையை முட்டுக்கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். தரையில் இறக்கிவைத்தாலோ தூக்கிவிட ஆள் வேண்டும். கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபட்ட பெண்ணின் நினைவாக இக்கல்லை நடுதல் நம் நாட்டு வழக்கம். வயிற்றுச் சுமையோடு சென்றவளுக்குப் பிறர் சுமையை இறக்கிவைப்பதால் ஆறுதல் உண்டாகும் என்று முன்னோர் நம்பினர். பல கற்களில் அப்பெண்ணின் பெயரும், நட்டவர் பெயரும், ஆண்டும் இருக்கும். மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ளுதற்கு நடப்பட்ட கல்லும் முன்பு இருந்தது. அதனை ஆதீண்டுகுற்றி எனவும் ஆவுரிஞ்சி எனவும் வழங்குவர். சுமைதாங்கி ஒன்றும், ஆவுரிஞ்சி ஒன்றும், தண்ணீர்ப் பந்தல் ஒன்றும் அடுத்தடுத்து இருக்குமாயின், அவ்விடத்தில் ஒரு பழைய பெருவழி சென்றது எனத் துணியலாம்.

பீளமேட்டிலிருந்து காளப்பட்டி செல்லும் வழியிலும் அத்தகைய கல் ஒன்று நின்றது. அது என் பாட்டனாரின் தமக்கையார் பொருட்டு நடப்பட்டது. யான் சிறுவனாக இருந்தபோது அதன்மேல் ஏறிக் குதித்து விளையாடியிருக்கின்றேன். அதில் எழுத்து இருந்தது நன்கு நினைவில் உள்ளது, படித்ததாக நினைவில்லை. என் பாட்டியார் அவரைப் பற்றிப் பேசுங்கால் 'பெரியவூட்டு அக்கா' என்பாரேயன்றிப் பெயர் சொல்வதில்லை. பின்னர்ச் சாலை அகலமாயிற்று. கல் அகற்றப்பட்ட நாளில் யான் வெளியூரில் ஆசிரியப் பணியில் இருந்தேன். இன்று எங்கள் குடும்பத்தில் அவர் பெயரை அறிந்தவர் ஒருவரும் இலர். அவர் பெயர் எழுதப்பட்ட தாள் என்று ஒன்று இருந்ததாகவும் தெரியவில்லை. அவர் பெயர் உலகத்தில் ஓரிடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. அவ்விடத்தில் யான் காலை வைத்து ஏறினேன். கல்வெட்டுப் படிக்கக் கற்று, பிற ஊர்க் கோயில்களின் சுவர்களையெல்லாம் படித்த எனக்கு, வீட்டிற்கு அண்மையில் நின்ற நான்கு வரியைப் படித்துக் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

இனி ஆலைகளைப் பற்றிச் சிறிது கூறுவேன். கோயமுத்தூரில் 1888-ஆம் ஆண்டு இராபர்ட் ஸ்டேன்சு என்னும் ஆங்கிலேயர் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1910-இல் இலட்சுமி மில்லும், 1922-இல் பீளமேட்டில் இரங்கவிலாசு மில்லும் தோன்றின. நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கி மின்சாரம் மலிவாகக் கிடைக்கவே, அவிநாசிச் சாலையின் இருமருங்கும் ஆலைகள் பெருகின. நலிவுற்ற ஆலைகள் பலவற்றை 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுவண் அரசு ஏற்றுத் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின்கீழ் நடத்தியது. அவ்வாலைகள் 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது நிறுத்தப்பட்டன. தொழிலாளர் பல்லாண்டுகள் வாயிலில் காத்துக் கிடந்தனர்.

என் இளமையில் பீளமேட்டில் பல வீடுகளில் கடிகாரம் இல்லை. ஆலைச் சங்கே கடிகாரம். முறைமாற்றச் சங்கு ஊதியதும் அடுப்பு மூட்டுவர். அடுத்த சங்குக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுவர். இரவுமுறை முடிந்து வருபவர் தலைமயிரில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். ஆலையின் கூரையைப் படத்தில் நோக்குவீராயின், அது வாளின் பல்போல் ஏறியிறங்கி வரிசையாக நிற்கக் காண்பீர்கள். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்திலும் கண்ணாடி பதித்து, அக்கண்ணாடி வடதிசையை நோக்குமாறு அமைப்பர். நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியும் கதிரவன் தென்பாற் சாய்ந்து செல்வதால், வடக்கு நோக்கிய கண்ணாடியின் வழியே வெயில் நேரே விழாது; நிழலும் கூசலும் இல்லாத சீரான ஒளி மட்டும் உள்ளே வரும். அறுந்த இழையைக் கண்டு முடிச்சிடுபவருக்கு அவ்வொளி இன்றியமையாதது. பாழ்பட்ட கட்டடமாயினும், அதன் கூரை அங்கு என்ன தொழில் நடந்தது என்பதைக் கூறும். பொறியியல் பயிலும் அவ்விளைஞர் இதனை எனக்கு விளக்கினார். அவர்க்கு யான் எண்ணைக் கற்பித்தேன்; எனக்கு அவர் கூரையைக் கற்பித்தார்.

எழுத்தின் வடிவத்தைக்கொண்டு ஒரு பலகையின் காலத்தை ஒருவாறு உணரலாம். ண, ல, ள, ன என்னும் நான்கோடு ஐகாரம் சேருமிடத்து, முன்னே இணைக்கொம்பு இடாமல், எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை போன்ற வளைவொன்றை இடுவது பழைய முறை. ணா, றா, னா என்பவற்றிலும் கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு சுழிந்து நிற்கும். தொடக்கப் பள்ளியில் அவ்வடிவங்களையே யான் எழுதிப் பழகினேன். தந்தை பெரியார் 1935-ஆம் ஆண்டிலேயே தம் இதழில் சீர்திருத்த எழுத்துகளை வழங்கத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978-ஆம் ஆண்டு ஆணை பிறப்பித்து, 13 எழுத்துகளின் வடிவத்தை இன்றுள்ளவாறு மாற்றியது. ஆகவே 'ஆலை', 'விலை', 'பண்ணை' என்னும் சொற்கள் துதிக்கை எழுத்தில் இருப்பின், அப்பலகை பெரும்பாலும் 1978-க்கு முற்பட்டதாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்று யான் கூறுவதைக் கவனிக்க வேண்டும். பலகை எழுதுபவரின் கை அரசாணையைக் கண்டு ஒரே நாளில் மாறிவிடுமோ? பழைய வடிவத்தையே மேலும் பத்தாண்டு எழுதினார் எனினும் வியப்பில்லை. பெரியாரின் வழியைப் பின்பற்றினார் ஒருவர் 1950-லேயே புதிய வடிவில் எழுதியிருத்தலும் கூடும். எனவே ஒரு சான்றோடு அமையாமல் வேறு சான்றும் தேடுதல் முறை. அவ்விளைஞர் எடுத்த படமொன்றில், பூட்டிய கடையின் பலகை துதிக்கை எழுத்தில் இருந்தது. கீழே 'பீளமேடு, கோயமுத்தூர் - 4, தமிழ்நாடு' என்றிருந்தது. ஆறிலக்க அஞ்சற் குறியீடு 1972-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பீளமேடு 641 004 ஆயிற்று. சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியது 1969-ஆம் ஆண்டு. இவ்விரண்டையும் கொண்டு, பலகை 1969-க்கும் 1972-க்கும் இடையே எழுதப்பட்டது என்றார் அவர். முதல் எல்லையை யான் ஒப்புக்கொண்டேன், இரண்டாவதை ஒப்புக்கொள்ளவில்லை. என் தந்தையார் இறுதிவரை கடிதத்தில் 'கோயமுத்தூர் - 4' என்றே எழுதிவந்தார். இந்த வழக்கு இன்னும் எங்கள் இருவரிடையே தீரவில்லை.

சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்னும் தொடரும் மங்கித் தெரியும் ஊராட்சிச் சுவர்களும், மலேரியா ஒழிப்புக்கு மருந்து தெளித்த நாளைக் குறித்துச் சென்ற வீட்டுக் கதவோரங்களும் இத்தகையனவே. மேலே வெள்ளையடித்து மறைத்த எழுத்தும், மழை நனைத்த சுவரில் சிலபொழுது மீண்டும் தோன்றுவதுண்டு.

மேல்நாட்டாரும் இதனைப் பொருட்படுத்திச் செய்துள்ளனர். செர்மனி நாட்டுப் பெர்ண்டு பெக்கர், இல்லா பெக்கர் என்னும் கணவனும் மனைவியும் 1959 முதல், கைவிடப்பட்டு வந்த நீர்த்தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் மேகம் மூடிய நாளில் நேர்முகமாக நின்று ஒரே வகையில் படமெடுத்தனர். அமெரிக்கராகிய சான் மார்கோலிசு பல்லாண்டுகள் ஊர்ப்புறச் சாலைகளில் காரோட்டிச் சென்று, பழைய பெட்ரோல் நிலையங்களையும் விடுதிகளையும் விளம்பரப் பலகைகளையும் படமாக்கினார். அவற்றுள் 11,000-க்கு மேற்பட்டவை அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்தில் யாவரும் எடுத்தாளுமாறு வைக்கப்பெற்றுள்ளன. நம் நாட்டிலோ இவர்களுக்கெல்லாம் நூறாண்டு முன்னரே, 1858-இல், இலின்னேயசு டிரைப் என்னும் படைத்தலைவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

உங்களில் எவரேனும் இதனைச் செய்ய விரும்பினால் அறிய வேண்டுவன சில உள. முதலிற் பொருளை முழுமையாகவும் நேராகவும் எடுக்க. பின்னர் எழுத்தை அணுகி எடுக்க. அதன்பின் சில அடி பின்வாங்கி, சாலையும் மரமும் அடுத்த கட்டடமும் தெரிய எடுக்க. மூன்றாவது படத்தைப் பலரும் மறந்துவிடுவர். கல் பெயர்க்கப்பட்ட பின் அது நின்ற இடத்தைக் கூறவல்லது அப்படமே. அளவு விளங்க ஓர் அடிக்கோலை அருகில் வைக்க. தேய்ந்த எழுத்து உச்சிப்பொழுதில் தெரியாது. காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டிற் சாய்ந்து விழும்போது, வெட்டின் ஒரு கரை ஒளியும் மறுகரை நிழலும் பெற்றுக் கண்ணுக்குப் புலனாகும். வெயில் இல்லையெனில் கைவிளக்கைப் பக்கத்திற் பிடித்தாலும் போதும். எழுத்து விளங்கவேண்டிச் சுண்ணக்கட்டியாலோ வண்ணத்தாலோ அதன்மேல் எழுதுதல் பெருந்தவறு. எழுதுபவர் தாம் படித்ததாக எண்ணியதையே எழுதுவார், பின் வருபவர் அதனையே படிப்பார். கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி, அதன்மீது மை ஒற்றிப் படியெடுப்பர். அது பயிற்சி உடையவர் செய்தற்குரியது. இடம், நாள், வழி ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்க. பூட்டிய கட்டடத்தினுள் உரியவரைக் கேளாமல் நுழையற்க. நம் பகுதித் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத ஆழ்கிணறுகள் புல்லால் மறைந்து கிடக்கும். படக்கருவியின் வழியே நோக்கிக்கொண்டு பின்னோக்கி ஓரடியும் வையற்க. கூரைத்தகடு உளுத்த ஆலையில் தலைக்கு மேலும் நோக்க வேண்டும். பாம்பைப் பற்றி யான் கூறவேண்டுவதில்லை.

அவிநாசிச் சாலையில் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் 2025-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. மக்கள் விரைந்து செல்லச் சாலை வேண்டுவதே. அதனை யான் குறைகூறேன். யானும் அதன்மேற் சென்றிருக்கின்றேன். மேலே செல்லும்போது பலகை எதனையும் படிக்க இயலாது என்பது மட்டுமே என் குறை.

சென்ற மார்கழியில் ஒருநாள் காலையில் அவ்விளைஞர் என்னைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு காளப்பட்டி வழியே சென்றார். என் பாட்டனாரின் தமக்கையார் கல் நின்ற இடத்தை யான் ஒருவாறு காட்டினேன். அங்கே இப்பொழுது ஒரு தேநீர்க்கடை இருக்கின்றது. கடைக்கு முன்னுள்ள சாக்கடையின்மேல் நீண்ட கருங்கற்பலகை ஒன்றைப் பாலமாக இட்டிருந்தனர். அதன் இருமுனையிலும் தூண்கல் பொருந்துதற்குரிய குழி தெரிந்தது. எழுத்து இருக்குமாயின் அது கீழ்ப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். கடைக்கார அம்மையாரிடம் கேட்டோம். "நாங்க வந்தப்பவே அது இங்கதானுங்க கெடந்துச்சு. பொரட்டறதுன்னா நாலு ஆளாச்சும் வேணுமுங்க; கடைய மூடற நாளாப் பாத்து வாங்க, பாக்கலாம்" என்றார் அவர். அக்கல்லின் மேற்புறத்தை அடிக்கோல் வைத்து மூன்று படம் எடுத்தோம். இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டோம். அமாவாசைதோறும் கடைக்கு விடுமுறையாம்.